கைநாட்டு வைக்காதவன்

அத்தியாயம் 8

டெல்மர் கூன்ஸை இன்றைக்குச் சுட்டுக் கொன்றுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்த காலையில், துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற என் பாஸ் அகஸ்டா ரென்ஃப்ரோ என் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, டோனட் பெட்டியோடு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"நகரு. துப்பாக்கி எங்க?"

"எந்தத் துப்பாக்கி?"

"சீட்டுக்குப் பின்னால போர்வை போத்திப் படுத்திருக்கே, அது. காய்ச்சலா அதுக்கு?"

எதிரே கோர்ட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் டெல்மர் அந்தப் படியில் இறங்கி வருவான். என் அண்ணன் கிளெமைக் கொன்றவன், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று வருவான்.

"வென்டல், நான் பதினெட்டு வருஷம் ஷெரீஃப் ஆபீஸ்ல குப்பை கொட்டினவ. கொலை பண்ணப் போறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு அந்த மூஞ்சி நல்லா இல்ல. டோனட் எடுத்துக்க."

"பசிக்கல."

"உனக்குப் பசிக்கலன்னா விஷயம் பெரிசுதான்."

பெரிசுதான். எங்கள் கார்னெட் ஃப்ளாட் ஊர் மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். கிளெம் அதில் ஒருவன். போன வருஷம் மன்றம் ஒரு விதி போட்டது. தோட்டா வாங்குகிறவன் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், கூடவே கட்டைவிரல் ரேகை, எல்லாம் கடையில் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு வருஷ வெள்ளோட்டம். அதை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று இன்று சாயங்காலம் ஓட்டு.

கிளெம் வேண்டும் என்ற கட்சி. நான் வேண்டாம் என்ற கட்சி. என் தாத்தா துப்பாக்கி வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார், ஒருத்தரையும் சுட்டதில்லை. நான் மட்டும் ஏன் திருடன் மாதிரி மையில் விரலைத் தோய்க்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளெமின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நாங்கள் இருவரும் தகர டப்பாக்களைச் சுட்டுக்கொண்டே இதைப் பற்றிச் சண்டை போடுவோம். டப்பா விழுந்தால் அவன் கட்சி ஜெயித்ததாக அவனே அறிவித்துக்கொள்வான்.

கடைசி ஞாயிறும் சண்டை போட்டோம். மறுநாள் காலை, காப்பிக் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்தவனை அதே மேட்டிலிருந்து யாரோ ஒரே ஒரு தோட்டாவால் சாய்த்துவிட்டான்.

மான் சுடுகிற தோட்டா. ஷெரீஃப் பதிவேட்டைத் திறந்தார். கொலைக்கு முந்தின வாரம் அந்த ரகம் வாங்கியவர்களில் டெல்மரின் கைநாட்டு இருந்தது. கடைசி மன்றக் கூட்டத்தில்தான் அவன் கிளெமைப் பார்த்து, "உன்ன மாதிரி ஆளுக்கு ஒருநாள் நல்லா பதில் கிடைக்கும்டா!" என்று ஊரே கேட்கக் கத்தியிருந்தான். வேறென்ன வேண்டும்? உள்ளே தூக்கிப் போட்டார்கள். இன்றைக்கு நீதிபதி, தோட்டா வாங்குவதும் குற்றமில்லை, கத்துவதும் குற்றமில்லை என்று வெளியே விட்டுவிட்டார்.

இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் உண்டு. மெர்ல் பிக்ஸ்பி, எங்கள் ஊர்த் துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் தலைவர். கட்சி எதிர்க்கட்சி என்று பார்க்காமல் கிளெமின் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிய மனிதர். நேற்று என் வீட்டுக்கு வந்து, தோளில் கை போட்டு, ஒரு சின்னத் துணிப் பையை என் கையில் வைத்தார். உள்ளே தோட்டாக்கள். அவரே வீட்டில் செய்தவை.

"கோர்ட்டு அவன விட்டுடும் தம்பி. நீ விட்டுடாத. இதுக்கு எந்தக் கடையிலயும் கைநாட்டு கிடையாது. வானத்துல இருந்து விழுந்ததுன்னு நெனச்சுக்க."

அந்தப் பை இப்போது என் கோட்டுப் பையில் கனத்தது. பாஸுக்குத் தெரியாது.

டெல்மர் வந்தான். படி இறங்கினான். நேராக எங்கள் வண்டியை நோக்கி நடந்தான். எனக்கு நம்பவே முடியவில்லை. என்ன திமிர்! கண்ணாடி பக்கம் குனிந்தான்.

"வென்டல், உங்க அண்ணன் விஷயத்துல மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கத்தினேன், ஒத்துக்கறேன். சுடல."

"உன் விரல் அந்தப் பதிவேட்டுல இருக்குடா."

"அதத்தான் நானும் சொல்றேன். கொல்லப் போறவன் எவனாவது கடைக்குப் போய், பேரச் சொல்லி, விலாசம் சொல்லி, விரலயும் அமுக்கிட்டுப் போவானா? நான் முட்டாள்தான். ஆனா அவ்ளோ முட்டாள் இல்ல."

"தள்ளிப் போ. இல்லன்னா இங்கயே—"

"டெல்மர்," என்று குறுக்கே வந்தார் பாஸ், வாயெல்லாம் சர்க்கரைத் தூளாக. "வீட்டுக்குப் போ. கதவ சாத்திக்க. சாயங்காலம் கூட்டத்துக்கு வந்துடு."

அவன் போனான். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடு வென்டல். அதுக்குள்ள நான் ஆளக் காட்டலன்னா உன் இஷ்டம். போர்வையக்கூட நானே மடிச்சுத் தர்றேன்."

"அவன்தான் பாஸ் ஆளு."

"அவனா இருந்தா சாயங்காலமும் அவனாத்தான் இருப்பான். வண்டிய எடு."

·

ஊரில் ஒரே ஒரு தோட்டாக் கடை. மீன் தூண்டிலும் புழுவும் பீரும்கூட அங்கேதான். கடைக்காரி இனா வாட்லி, பதிவேட்டை நாங்கள் கேட்கும் முன்பே கல்லா மேல் தொப்பென்று போட்டாள்.

"பாருங்க, பாருங்க, எல்லாரும் பாருங்க. கண்காட்சி வெக்கலாம்னு இருக்கேன்."

"வியாபாரம் எப்படி?" என்றார் பாஸ்.

"எங்க வியாபாரம்? இந்தப் பொத்தகம் வந்ததுல இருந்து தோட்டா பாதி விக்கல. வெடிமருந்தும் ஈயமும்தான் பறக்குது. மருந்து வாங்க விரல் வேண்டாம் பாருங்க. அவனவன் வீட்டுல உக்காந்து சுட்டு மிச்சமான காலித் தோட்டாக் கூட்டுல மருந்த அடைச்சு அவனவனே செஞ்சுக்கறான். மன்றத்துல உக்காந்திருக்கிற மேதைங்களுக்கு இது தோணவே இல்ல."

"டெல்மர் அப்படிச் செய்வானா?"

இனா சிரித்தாள். "அவனா? ஷூ லேஸ் அவிழ்ந்தா குனிஞ்சு கட்ட மாட்டான். எல்லா வருஷமும் வேட்டை சீசனுக்கு முன்னால ஒரே பெட்டி, ஒரே ரகம். சுட்ட கூட்ட எடுத்துட்டு வந்தாவது குடுறா, நான் விக்கறேன்னு சொன்னா, 'யாரு பொறுக்கறது'ன்னு கேப்பான்."

பாஸ் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார். "இது யாரோட விரல் இனா? மையில முங்கி எழுந்து வந்த மாதிரி இருக்கு."

எனக்கு முகம் சுட்டது. அது என்னுடையது.

"உங்க அசிஸ்டென்ட்தான்!" என்றாள் இனா. "சனிக்கிழம வந்து, அரசியல் சட்டம் எல்லாம் பேசி, அரைமணி நேரம் என் உயிர வாங்கிட்டு, ரேகைய இப்படி அப்பிட்டுப் போனாரு. புதுக் கம்பெனி சரக்கு அன்னைக்குத்தான் வந்தது. அடியில நட்சத்திரம் குத்தின தோட்டா. முதல் பெட்டி இவரு. அதோட சரி. திங்கக்கிழம அந்தச் சம்பவம் ஆச்சு, ஷெரீஃப் பயத்துல அந்தப் பெட்டிய ஒருத்தனும் தொடல."

"நான் வாங்கினதுக்கும் இதுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்? டெல்மரப் பத்திக் கேளுங்க!"

"கேட்டாச்சே. சோம்பேறின்னு சொல்லிட்டாங்களே." பதிவேட்டை மூடினார். "எல்லாரும் இதுல யாரு இருக்காங்கன்னே பாக்கறாங்க. எனக்கு யாரு இல்லங்கறது வேணும்."

"இல்லாதவன எப்படி பாஸ் படிக்கறது? வெள்ளைத் தாளுல எழுதியிருக்குமா?"

"நீ இனா கிட்ட இன்னும் கொஞ்சம் அரசியல் சட்டம் பேசிட்டு இரு. நான் வண்டில இருக்கேன்."

·

மேட்டில் காற்று பலமாக அடித்தது. கீழே கிளெமின் பின்வாசல், சாய்வு நாற்காலி, காலியான பறவைத் தீனிக் கூண்டு எல்லாம் தெரிந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன். போலீஸின் மஞ்சள் நாடா இன்னும் கட்டியிருந்தது. திங்கள்கிழமை முதல் யாரையும் உள்ளே விடவில்லை. பாஸுக்கு மட்டும் பழைய சிநேகிதத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தது.

"போலீஸ் இங்க மான் தோட்டாக் கூடு ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்றாங்க. கொலைகாரன் அவன் கூட்ட எடுத்துட்டுப் போயிட்டான்." பாஸ் பாறை ஓரமாகக் குனிந்து எதையோ கிளறினார். "இதென்ன?"

"பாயின்ட் டூ-டூ தோட்டா. கிளெம் அணில் விரட்டுறது. இத்துனூண்டு கூடு."

"இது?"

"இரும்புக் கூடு. மலிவு சரக்கு."

"இந்த ரெண்டும் வேணுங்கற அளவு கெடக்கு. ஞாயித்துக்கிழம நீ என்ன சுட்ட?"

"சனிக்கிழம வாங்கின பெட்டி. நட்சத்திரத் தோட்டா. பித்தள. நல்ல பளபளன்னு..." நான் நிறுத்தினேன்.

"பொறுக்கினியா?"

"நான் எதுக்குப் பொறுக்கறேன்? வீட்டுல செய்யற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படியே போட்டுட்டு வந்தேன். குப்பை போடறியேன்னு கிளெம் திட்டினான்."

"அப்ப அதெல்லாம் எங்க? போலீஸ் எடுக்கல. எடுத்த சாமான் பட்டியல நான் பாத்துட்டேன்."

நான் முட்டி போட்டுப் புல்லை விலக்கிப் பார்த்தேன். பித்தளை ஒன்றுகூட இல்லை. இரும்பு கிடந்தது, அணில் கூடு கிடந்தது. திரும்ப மருந்து நிரப்ப முடியாதது எல்லாம் கிடந்தது. நிரப்ப முடிந்தது எல்லாம் போயிருந்தது.

"ஒரு ஆளக் கொன்னவன் என்ன பண்ணுவான்?" என்றார் பாஸ். "தன் கூடு ஒண்ண எடுத்துக்கிட்டு, விழுந்தடிச்சு ஓடுவான். இவன் என்ன பண்ணியிருக்கான்? காலைல வந்து படுத்திருக்கான். உங்க அண்ணன் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கான். கண்ணு வீட்டு மேல. கை?"

"கை பொறுக்கியிருக்கு," என்றேன். "வீட்டுல தோட்டா செய்யற ஆளுங்களுக்குக் கை நிக்காது பாஸ். பித்தளைய மண்ணுல பாத்தா பொறுக்காம இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போற வழில பாத்தாக்கூட கோட்டு சூட்டோட குனிவாங்க. அவன் யோசிச்சுப் பண்ணல, பழக்கம்."

"டெல்மர் பொறுக்குவானா?"

டெல்மர் ஷூ லேஸுக்கே குனிய மாட்டான். கடையில் பெட்டி வாங்கித்தான் சுடுவான். அதனால்தான் அவன் விரல் அந்தப் பதிவேட்டில் இருந்தது. நாங்கள் எதை அவன் கழுத்துக் கயிறு என்று நினைத்தோமோ அதுதான் அவனுக்குச் சாட்சி. இவனுக்குத் தோட்டா செய்யத் தெரியாது என்று கைநாட்டுப் போட்டுக் கொடுத்த சாட்சி.

"இன்னொண்ணு," என்றார் பாஸ். "மன்ற ஆபீஸ்ல விசாரிச்சேன். இன்னைக்கு விதியில ஒரு வரி சேக்கணும்னு உங்க அண்ணன் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கான். வீட்டுல செஞ்சு விக்கிற தோட்டாவும் பதிவேட்டுல ஏறணும்னு. கோடைல ஆத்தோரம் டிரெய்லர்ல ஒருத்தன் பொண்டாட்டியச் சுட்டானே, நெனப்பிருக்கா? கோர்ட்டு தடை போட்ட ஆளு. எந்தக் கடையும் அவனுக்கு ஒரு தோட்டா விக்க முடியாது. எங்க இருந்து வந்தது? அந்த நூலப் புடிச்சுக்கிட்டு யாரோ ஒருத்தர் வீட்டு வாசல் வரைக்கும் போயிருந்தான் உங்க அண்ணன்."

"யார் வீட்டு வாசல்?"

"அது மட்டும் தெரியல. தோட்டா செய்யற ஆளுங்க ஊர்ல நெறைய. நீ சுட்ட கூட்ட மறுபடி பாத்தா உன்னால அடையாளம் சொல்ல முடியுமா? நட்சத்திரம் இருக்கும். வேற ஏதாவது?"

"பூனை இருக்கும்," என்றேன்.

"என்ன பூனை?"

"என் துப்பாக்கி உள்ள ஒரு பிசிறு. சுட்ட கூடு வெளிய வரும்போது பக்கவாட்டுல நீளமா ஒரு கீறல் விழும். பூனை நகம் மாதிரி. கூட வேட்டைக்கு வர்ற பசங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. பூனைய வளக்கறான், பூனைய வளக்கறான்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை கோட்டுப் பைக்குள் போனது. ஏன் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. துணிப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளங்கையில் கொட்டினேன். மெர்ல் பிக்ஸ்பி மெருகேற்றி மருந்து அடைத்துக் கொடுத்த தோட்டாக்கள் வெயிலில் மின்னின. ஒன்றைத் திருப்பினேன். அடியில் நட்சத்திரம். பக்கவாட்டில் கீறல்.

அடுத்தது. நட்சத்திரம், கீறல். அதற்கடுத்தது. நட்சத்திரம், கீறல்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நட்சத்திரமும் இல்லை, கீறலும் இல்லை.

"இது யாரு குடுத்தது?" என்றார் பாஸ், மெதுவாக.

சொன்னேன். தோளில் கை போட்டான். தம்பி என்றான். என் அண்ணனைச் சுடக் காத்திருந்தபோது பொறுக்கிய கூட்டில் மருந்தை அடைத்து, அதை வைத்தே ஒன்றும் அறியாத ஒருவனைக் கொல்ல என்னை அனுப்பினான். அந்த ஒற்றைத் தோட்டா? கிளெமைத் தின்ற கூடு அதுவாகவும் இருக்கலாம். அதையும் தூக்கி எறிய மனம் வரவில்லை அந்தக் கஞ்சப் பிசினாரிக்கு.

நான் வண்டிக்கு ஓடினேன். போர்வையை உதறினேன். துப்பாக்கியை எடுத்தேன். துப்பாக்கியைச் சுட வைக்கிற போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

பாஸ் பின்னால் நிதானமாக நடந்து வந்து, கைப்பையைத் திறந்து, டோனட் காகிதத்துக்குள் இருந்த போல்ட்டை எனக்குக் காட்டிவிட்டு, திரும்பவும் உள்ளே போட்டார்.

"நீ இனா கிட்ட அரசியல் சட்டம் பேசிட்டிருந்தப்ப எடுத்தேன்."

"குடுங்க பாஸ்! அவன நான் விட மாட்டேன்! அவன் சாகணும்!"

"சுட்டா அவனுக்கு ஒரு நொடி வலிக்கும். அப்புறம் அவன் சங்கத்துக்காரங்க அவனுக்குச் சிலை வெப்பாங்க. நீ ஜெயில்ல உக்காந்து அந்தச் சிலையோட ஃபோட்டோவ பேப்பர்ல பாத்துக்கிட்டிருப்ப. அது போதுமா உனக்கு? எனக்குப் போதாது. கிளெம் எனக்கும் ஃப்ரெண்டுதான்." பாஸின் கண் கலங்கியிருந்தது. அதை அதுவரை நான் பார்த்ததில்லை. "இந்த ஊரு முன்னால, அவன் வாயாலயே அவன் மாட்டணும். அவனுக்கு எதுல கர்வம் அதிகம்?"

யோசிக்கவே தேவையில்லை. "அவன் செய்யற தோட்டால."

·

தீயணைப்பு நிலையத்தின் பெரிய அறையில்தான் மன்றக் கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஒரு பக்கம் 'பதிவு செய், உயிரைக் காப்பாற்று' அட்டைகள், இன்னொரு பக்கம் 'என் விரல் என் உரிமை' அட்டைகள். ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

மெர்ல் மைக்கைப் பிடித்திருந்தான்.

"கிளெம் ஸ்ட்ரவுட் என் எதிரி இல்ல. என் சகோதரன்! அவன அந்தப் பதிவேடு காப்பாத்துச்சா? இல்ல! பாவம் டெல்மர ஜெயில்ல போட்டுச்சு! இன்னைக்கு உங்க கட்டைவிரலக் கேக்கறான். நாளைக்கு உங்க துப்பாக்கியக் கேப்பான். நான் சொல்றேன், இந்த மெர்ல் பிக்ஸ்பி உசுரோட இருக்கற வரைக்கும் எவனுக்கும் கைநாட்டு வெக்க மாட்டான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டெல்மர்கூட தட்டினான். நேற்று வரை நானும் தட்டியிருப்பேன், அதுதான் கொடுமை.

நான் எழுந்து இன்னொரு மைக்குக்குப் போனேன். கூட்டம் வழிவிட்டது. செத்தவனின் தம்பி.

"மெர்ல், ஒரு சந்தேகம். நீங்க எனக்கு அன்பா குடுத்த தோட்டாவ ஒரு ஆளுகிட்ட காட்டினேன். குப்பைன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"மண்ணுல கெடந்த, எவனோ சுட்டுப் போட்ட கூட்டப் பொறுக்கிச் செஞ்சதாம். மான் பக்கத்துல நின்னு கொட்டாவி விடுமாம்."

கூட்டம் சிரித்தது. மெர்லின் காது சிவந்தது. என்னைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிற மாதிரி சத்தம் போட, சிரிப்பு இன்னும் பெரிதானது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"இந்த மாவட்டத்துல என் கை வேலைக்கு ஈடு கிடையாது! அது நான் செஞ்சதுதான். அடுத்தவன் எச்சில் கூட்ட நான் தொடவே மாட்டேன். நானே புதுசா வாங்கி, என் துப்பாக்கில மட்டும் சுட்ட கூடு. ஒவ்வொண்ணும்!"

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொண்ணும்!"

மன்ற மேஜை மேல் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினேன். ஒன்றை எடுத்து, முன்வரிசையில் இருந்த டெல்மரிடம் நீட்டினேன். அவன் பல வருஷம் என்னோடு மான் சுட்டவன்.

"டெல்மர், இதப் பாத்து என்னன்னு சொல்லு."

அவன் திருப்பிப் பார்த்தான். வாய் திறந்தது. "டேய்... இது பூனைடா. உன் பூனை!"

பக்கத்தில் இருந்தவன் வாங்கிப் பார்த்தான். "ஆமா, வென்டலோட பூனை." அடுத்தவன் எழுந்து வந்தான். துப்பாக்கி உரிமைக்காரர்கள்தான் எல்லோரும். மெர்லின் சொந்தச் சங்கம்.

"இனா!" என்று பாஸ் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நட்சத்திரம் குத்தின சரக்கு எப்ப வந்தது? யாரு வாங்கினாங்க?"

"சனிக்கிழம. வென்டல் ஒருத்தர்தான். பொத்தகத்துல இருக்கு, அசிங்கமா அப்பி வெச்சிருக்காரு."

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங்கண்ணன் வீட்டு மேட்டுல சுட்டேன்," என்றேன். மைக்கே தேவைப்படவில்லை. "கூட்ட அங்கயே போட்டுட்டு வந்தேன். திங்கக்கிழம காலைல எங்கண்ணன் செத்தான். அன்னைல இருந்து அங்க போலீஸ் நாடா கட்டியிருக்கு. நடுவுல அந்த மேட்டுல படுத்திருந்தவன் ஒரே ஒருத்தன்தான். அங்க படுத்துக்கிட்டு என்ன பண்ணிங்க மெர்ல்? பொழுது போகலியா? பொறுக்கினீங்களா?"

மெர்ல் சிரிக்கப் பார்த்தான். "தம்பி, யாரோ எனக்கு வித்திருப்பாங்க, நான் அங்க இங்க கூடு வாங்கறது உண்டு..."

"இப்பதானே அடுத்தவன் எச்சிலத் தொட மாட்டேன்னீங்க!" என்று கத்தியது டெல்மர்.

யாரும் தட்டவில்லை. 'என் விரல் என் உரிமை' அட்டை பிடித்திருந்த ஒரு கிழவர் அட்டையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, மெர்லின் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளிப் போய் நின்றார். அப்புறம் இன்னொருவர். மெர்லைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. அந்த வட்டத்துக்குள் சுவரோரம் நின்றிருந்த ஷெரீஃபின் டெபுடிகள் இரண்டு பேர் நடந்து போனார்கள்.

"அவன் என் பொழப்புல மண்ணப் போடப் பாத்தான்!" மெர்ல் திமிறினான். "நான் எவனுக்கு வித்தா அவனுக்கென்ன? அது என் உரிம! பேர் எழுது, விரல் வெய்யின்னு என் வீட்டுக்கே வந்து சொல்றான்!"

"எங்க உரிமைய வெச்சு நீ வியாபாரம் பண்ணியிருக்க," என்றார் அந்தக் கிழவர். "த்தூ!"

கூட்டம் கலைவதற்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. பதிவேடு இருந்ததால்தான் மாட்டினான் என்று ஒரு கூட்டம், பதிவேட்டை நம்பியதால்தான் டெல்மரைப் பிடித்தீர்கள் என்று ஒரு கூட்டம். ஓட்டு தள்ளிப் போனது. டெல்மர் வெளியே என்னிடம் வந்தான்.

"நான் இன்னமும் வேண்டாம் கட்சிதான்," என்றான்.

"தெரியும்," என்றேன். நான் இப்போது எந்தக் கட்சி என்று அவன் கேட்கவில்லை. நல்லவேளை. காலையில் உன்னைக் கொல்ல வந்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

·

ஷெரீஃப் ஆபீஸில் என்னை உள்ளே விட மாட்டேன் என்றார்கள். பாஸ் யார் காதிலோ என்னவோ சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க இடம் கிடைத்தது.

மெர்ல் கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். டெபுடி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பெட்டியைத் திறந்து, மை உருளையை ஓட்டி, முதலில் கட்டைவிரலைப் பிடித்தார். மெர்ல் நிமிர்ந்தபோது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. கிளெம் பார்க்க வேண்டியதை அவனுக்குப் பதிலாக நான் பார்த்தேன்.

"நல்லா அமுக்குங்க சார்!" என்று கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். "ரேகை சரியா விழணும். இவருக்குப் புதுசு, பழக்கமில்ல."

விரல் காகிதத்தில் இறங்கியது. உருண்டது. கறுப்பாக, தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல் விழுந்தது.

துடைத்துக்கொள்ளக் காகிதம் எங்கே என்று டெபுடி சுற்றுமுற்றும் தேடினார். அந்தக் காகிதப் பெட்டி கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"சின்னப் புத்திடா உனக்கு," என்றார் பாஸ்.

"ஆமா பாஸ்," என்றேன். மெர்ல் பிக்ஸ்பியைக் கறுத்த விரலோடேயே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.